நாலாவது காரணம்

தையற்கடை மாஸ்டரின் கம்ப்யூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உயிரை விட்டது. உயிர் போகும்போது அது கோட்டு போட்டிருந்தது.

கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கோட்டுதான். கருநீல சூட்டிங் துணி, இரட்டை லைனிங், நடுவில் தோள்பட்டைக்கு வைக்கிற பஞ்சு, ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பைப்பிங். பட்டனை அமுக்குவதற்காக முன்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதற்கும் முறையாகக் காஜா எடுத்திருந்தது. பின்னால் வயர்கள் வர ஒரு கீறல். மாஸ்டர் தானே அளவெடுத்து, தானே வெட்டி, தானே தைத்தது. சும்மா சொல்லக் கூடாது, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவரிடம் தைத்துக்கொண்ட மாப்பிள்ளைகள் பலருக்கு அப்படி உட்காரவில்லை.

அந்தக் கோட்டுக்குக் காரணம் சத்தம். கடை ஒரே அறை. முன்னால் வெட்டும் மேசை, சுவரோரம் இரண்டு தையல் மிஷின், மூலையில் இஸ்திரி மேசை, மாடி வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாஸ்டரின் மனைவி உட்காரும் மேசை. தெருவில் எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. அவள் மேசைக்கு அடியில், வெட்டுத் துண்டுகள் போடும் மூட்டைக்கு இரண்டடி தள்ளி, ஒரு குட்டை ஸ்டூலின் மேல் கம்ப்யூட்டர். பதினோரு வருடம் அது சத்தமில்லாமல் கிடந்தது. போன வருடக் கடைசியில் முனக ஆரம்பித்து, பிறகு இரைந்து, கடைசியில் பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி உறுமத் தொடங்கியது.

"என்னன்னு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம்ங்க," என்றாள் மாஸ்டரம்மா.

"சத்தம்தானே, நான் பாத்துக்கறேன்," என்றார் மாஸ்டர்.

துணியால் தீராத சிக்கல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் நம்பியதில்லை. ஆடுகிற மேசைக் காலுக்கு மடித்த கேன்வாஸ், கிறீச்சிடும் கதவுக்கு ஃப்ளானல் பட்டை, ஜன்னல் காற்றுக்கு லைனிங். கம்ப்யூட்டருக்குக் கோட்டு. போட்ட அன்றே சத்தம் பாதியாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு, அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் குனிய வைத்து மேசைக்கு அடியில் காட்டினார். குனிந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். இடுப்பில் டேப் சுற்றியிருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்.

அப்புறம் மத்தியான வேளைகளில் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. மாஸ்டரம்மா அரைமணி நேரம் காத்திருந்து மறுபடி போடுவாள்.

"தொட முடியலைங்க, அப்படிச் சுடுது."

"மிஷின்னா சுடும். இஸ்திரிப் பெட்டி சுடலையா?"

இனி அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். மகள் வேலைக்கு வெளியூர் போவதற்கு முன்னால் அப்பாவுக்கென்று உட்கார்ந்து செய்து கொடுத்த பதிவேடு அது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு பக்கம். தோள், மார்பு, இடுப்பு, கை என்று அளவுகள், கீழே குறிப்புக்கு ஓர் இடம். என்ன கேட்டார்கள், கடை என்ன சொன்னது என்று அன்றன்றைக்கே மாஸ்டரம்மா அதில் எழுதிவிடுவாள். பிற்பாடு யாரும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பேச்சை மாற்ற முடியாது. மாற்றிய பலர் அந்தக் குறிப்பின் முன்னால் அசடு வழிந்திருக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதமும் ஒன்றுதான். மாஸ்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாஸ்டரம்மா விரல்களைத் தட்டச்சுப் பலகையில் வைத்து, "சொல்லுங்க," என்பாள். அவர் எண்களைச் சொல்வார். வெட்டும் நேரம் வந்தால் அதே எண்களை அவள் படிப்பாள். அவர் துணியில் சாக்பீஸால் கோடு போடுவார். அவர் தட்டச்சுப் பலகையைத் தொட்டதே இல்லை. அளவு எழுதிய சீட்டுகள் பதிவானதும் குப்பைக்குப் போய்விடும். கடையில் காகிதம் சேரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

தைத்த துணி திரும்பி வந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. எண் எழுதிய சீட்டைத் துணியில் ஊசியால் குத்தி, மாஸ்டரம்மாவின் மேசையில் இடது பக்கம் வைக்க வேண்டும். அன்றைக்கே அவள் அதைப் பதிவாள். ஏன் திரும்பி வந்தது என்பதற்கு மகள் நாலு காரணங்கள் வரிசையாகப் போட்டிருந்தாள். துணி சுருங்கியது. உடம்பு மாறியது. மனம் மாறியது. வெட்டியவர் தவறு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை தடவை என்று ஒரு எண் தானாக ஏறும். பதினோரு வருடத்தில் துணி நூற்றுப் பதினெட்டு தடவை சுருங்கியிருந்தது. வாடிக்கையாளர்கள் அறுபத்தேழு தடவை பெருத்தோ இளைத்தோ போயிருந்தார்கள். நாற்பத்தொரு பேர் மனம் மாறியிருந்தார்கள். நாலாவதில் பூஜ்யம்.

அந்த நாலாவதை எடுத்துவிடச் சொல்லி மாஸ்டர் அப்போதே கேட்டார். "இருக்கட்டும்பா, இடத்தையா அடைக்குது," என்றாள் மகள். அவரும் விட்டுவிட்டார். முப்பத்துநாலு வருடத் தொழிலில் வெட்டு தப்பிப் போனதே இல்லை என்று அர்த்தமில்லை. தப்பினால் ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். கத்தரிக்கோல் பிடித்தவன் தப்பை ஒத்துக்கொண்டால் அடுத்த துணியை எவன் நம்பிக் கொடுப்பான் என்பது அவர் கட்சி. துணியின் மேல் பழியைப் போட்டால் துணிக்கு ரோஷம் வரப்போவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் கடைக்கு வந்திருந்தார். அறுபத்துநாலு நர்ஸ்களுக்குப் புதுச் சீருடை. மூன்று வாரமாக ஷிஃப்ட் முடிந்து ஒவ்வொருவராக வந்து அளவு கொடுத்து முடித்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். பாக்கெட் எங்கே வைப்பது என்று பேசுவதற்காக மாஸ்டரம்மா பதிவேட்டைத் திறக்கப் போனாள். மேசைக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம். திரை கறுத்தது. கருகிய ரப்பர் வாசனை வந்தது.

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அறுபத்துநாலு பேரின் அளவும் உள்ளே. சீட்டுகள் குப்பைக்குப் போய் நாளாகிவிட்டது. வாயிலிருந்து வார்த்தை வருவதற்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு.

"இவ எதையாவது அமுக்கித் தொலைச்சிருப்பா," என்று தலைமை நர்ஸைப் பார்த்துச் சொன்னார். "இவ கை வெச்சா எதுதான் உருப்படும்."

காஜாவும் கைத்தையலும் போடுகிற காஜாக்கா ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டாள். தலைமை நர்ஸ் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். மாஸ்டரம்மா எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள்.

"நான் கை வெச்சா உருப்படாதுன்னா இனிமே கை வெக்கலைங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. படியேறி மாடிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் கீழே இறங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் மாஸ்டர் சமாளித்திருப்பார். அவள் சண்டை போடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு இருந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது, இரவில் அவருடைய மாத்திரை தண்ணீரோடு தலைமாட்டில் இருந்தது. விருந்தாளியைக் கவனிப்பது மாதிரி கவனித்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கீழே அந்த நாற்காலி தள்ளி வைத்தபடியே இருந்தது; அதைப் பார்க்காமல் கடையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அளவுகள் போனதைவிட அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதுதான் அவரைத் தின்றது. ஆனால் யாரிடம் பேசினாலும் அளவுகளைப் பற்றித்தான் பேசினார்.

"கம்ப்யூட்டர் சரியாயிட்டா அவளே வந்து உக்காருவா," என்று காஜாக்காவிடம் சொன்னார்.

"வருவாங்க மாஸ்டர்," என்றாள் காஜாக்கா, பல்லில் நூலைக் கடித்தபடி. அந்தப் பதிலில் சத்தே இல்லை.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். போகும் முன் கோட்டைக் கழற்றி மடித்து இஸ்திரி மேசையின் கீழ்த்தட்டில் வைத்தார். ரிப்பேர் கடையில் அழுக்காகிவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் வேறு ஏதாவது தெரிந்திருந்ததா என்றால், தெரியாது என்று சத்தியம் செய்கிற அளவுக்கு அவரும் முட்டாள் இல்லை.

மெக்கானிக்கின் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நாற்பது வயதை நெருங்கும் பெண். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, தலை நிமிரும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் கண்ணைக் கூச வைப்பாள். வார்த்தையைச் செலவழிப்பதில் மகா கஞ்சம். சுவர் முழுக்கச் செத்த கம்ப்யூட்டர்களின் கூடுகள் அடுக்கியிருந்தன. மாஸ்டருக்கு உட்கார ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது.

"சாகறதுக்கு முன்னாடி சத்தம் போட்டுச்சா சார்?"

"போட்டுச்சு. அப்புறம் கொறைஞ்சிடுச்சு."

"தானா கொறைஞ்சுதா?"

"தானாத்தான்."

அவள் வயரை மாற்றிச் செருகிப் பார்த்தாள். விளக்கு வரவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்தாள். உள்ளே பார்த்துவிட்டு, விளக்கைச் சற்றுச் சரித்து இன்னொரு தரம் பார்த்தாள். சாதாரணமாக அவள் இரண்டாவது தரம் பார்ப்பதில்லை.

உள்ளே பச்சைப் பலகையே தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் நீலமும் சாம்பலும் கலந்த தூசி மெத்தையாக விரிந்திருந்தது. காற்றாடிக்கும் அதன் கீழிருந்த உலோகத் தகடுகளுக்கும் நடுவே படிந்ததை அவள் இடுக்கியால் பிடித்துத் தூக்கியபோது, அது கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. மாஸ்டர் கையை நீட்டி வாங்கினார். தொழில் புத்தி யாரை விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பருத்திப் பிசிறு, பாலியெஸ்டர் நூல், சாக்பீஸ் தூள். பதினோரு வருடம் அவர் வெட்டியதெல்லாம் அதில் இருந்தது. காலருக்குள் வைத்துத் தைக்கலாம் போல நன்றாக இறுகியிருந்தது.

"வெளியில ஒரு பொட்டுத் தூசி இல்ல," என்றாள் மெக்கானிக். "பெயின்ட் புதுசா இருக்கு. ஆனா பக்கத்து ஓட்டையிலயும் பின்னாடி ஓட்டையிலயும் நீல நூலு ஒட்டியிருக்கு. இது மேல எதையாவது போத்தி வெச்சிருந்தீங்களா சார்?"

"இல்லம்மா," என்றார் மாஸ்டர். "துணிக்கடை. தூசி இல்லாமயா இருக்கும்."

பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அவருக்கு வரவில்லை. முப்பத்துநாலு வருடமாக, தோள் தூக்கிக்கொண்டு நிற்கும் சட்டையைத் தடவிப் பார்த்து, 'துணி சுருங்கிடுச்சு' என்று சொல்லும் அதே குரல் தானாக வந்து வேலையை முடித்துவிட்டுப் போனது.

மெக்கானிக் திரும்பவும் கூட்டுக்குள் குனிந்தாள். மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியைக் கழற்றி, ஒரு துண்டு வயரை வளைத்துச் செருகிப் பார்த்தாள். அதற்குள் இருந்த காற்றாடி அசையவில்லை. "இது போயிடுச்சு," என்று கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். விளக்கு எரிந்தது. மாஸ்டர் அட்டைப்பெட்டியிலிருந்து பாதி எழுந்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, அது மறுபடி அணைந்தது. அவரும் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்திநாலு டிகிரி," என்றாள் அவள். "சுட்டதும் தன்னைத்தானே நிறுத்திக்குது. இத்தனை நாளும் அப்படித்தான் நிறுத்தியிருக்கும். உங்க வீட்டுல யாரோ ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டியிருக்காங்க. இல்லேன்னா எப்பவோ முழுசாப் போயிருக்கும்."

ஆறவிட்டு ஓட்டியது யார் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

அவள் உலோகத் தகடுகளைக் கழற்றினாள். அடியில் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும் பசை காய்ந்து உதிர்ந்தது. அதைச் சுரண்டித் துடைத்தாள். கூட்டை வாசலுக்குத் தூக்கிப் போய், காற்றாடியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, ஊதுகிற மிஷினை வைத்தாள். நீலமாக ஒரு புகை எழுந்து எதிர்ச் சுவரில் படிந்தது.

"அதை ஏன் புடிச்சுக்கறே?"

"விட்டா தறிகெட்டுச் சுத்தும். அதோட ஆயுசு போயிடும்."

பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பது, விட வேண்டிய இடத்தில் விடுவது. நல்ல கைக்காரி என்று மாஸ்டர் மனதுக்குள் ஒத்துக்கொண்டார். அடுத்தவர் தொழிலில் அவருக்கு ஞாயம் நன்றாகவே தெரியும்.

புதுப் பசை தடவி, எல்லாவற்றையும் மாட்டி, மறுபடி போட்டாள். இந்த முறை அது நின்றது. உறுமல் இல்லை. காற்றாடி சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அம்பத்தெட்டு," என்றாள் மெக்கானிக். மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உள்ள இருக்கறதெல்லாம் இருக்குமா?"

"திறந்தாத்தான் தெரியும். பாஸ்வேர்ட் சொல்லுங்க."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"நான்தான். அந்த பாஸ்வேர்ட் கேக்கறாங்க."

"அவங்ககிட்ட குடுங்க," என்றாள் மாஸ்டரம்மா.

கொடுத்தார். மெக்கானிக் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா," என்றாள், தட்டினாள், "திறந்துடுச்சு," என்றாள். மறுமுனையில் ஏதோ பேச்சு. "சரிம்மா, ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தொண்ணு. பாத்துடறேன்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் மாஸ்டரம்மா அங்கே போனை வைத்துவிட்டிருந்தாள்.

"எல்லாம் இருக்கான்னு பாக்க ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னாங்க."

ஏதோ ஒரு நர்ஸாக இருக்கும் என்று மாஸ்டர் நினைத்தார். பக்கம் வந்தது. மெக்கானிக் மின்கட்டண ரசீதைப் படிக்கிற குரலில் படித்தாள்.

"வாடிக்கையாளர், கம்ப்யூட்டர். உயரம் பதினேழு. அகலம் ஏழரை. ஆழம் பதினெட்டு. உடை, கோட்டு. இரட்டை லைனிங், தோள் பஞ்சு. குறிப்பு. பக்கத்திலும் பின்னாலும் காற்றுப் போகத் திறப்பு வைக்கலாமா என்று கேட்டேன். அழகு கெட்டுவிடும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்."

கீழே தேதியும் இருந்தது.

மாஸ்டருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பழக்க தோஷத்தில் மேசைக்கு அடியில் மண்டியிட்டு டேப்பை வைத்து எண்களைச் சொன்னார்; பழக்க தோஷத்தில் அவளும் பதிந்திருக்கிறாள். நடுவில் அவள் ஏதோ கேட்டதும் நினைவிருந்தது. பைப்பிங் எந்த நிறத்தில் வைப்பது என்ற யோசனையில் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'அழகு கெட்டுடும்' என்று சொன்னது அவர்தான். அவர் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தைதான்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ வாடிக்கையாளர்களை அந்தக் குறிப்பின் முன்னால் நிற்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது.

மெக்கானிக் அவரைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூக்களைப் போட்டு முடித்துவிட்டு, "மூச்சு விடற இடத்தையெல்லாம் அடைச்சு, அடிப்பக்கத்தை மட்டும் திறந்து விட்டிருக்கீங்க. தரையில கிடந்த பிசிறு பூரா அந்த வழியாத்தான் ஏறியிருக்கு. கோட்டு இல்லாம ஓட்டுங்க சார்," என்றாள். பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரை ஸ்டூலின் மேல் வைத்தார். வயர்களைக் காஜாக்கா மாட்டினாள். துணி மூட்டையை அவரே இழுத்து எதிர் மூலைக்குக் கொண்டுபோனார். திரை விழித்துக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்டது. இன்னும் அவருக்கு அது தெரியாது. படியேறினார்.

மாஸ்டரம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. அளவெல்லாம் அப்படியே இருக்கு. கீழ வா."

"நான் கை வெக்கலைன்னு சொன்னேனே."

"நீ கை வெச்சதால கெட்டுப்போகலையாம். மெக்கானிக் சொல்லிடுச்சு."

அவள் மடிப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எதனாலயாம்?"

எவ்வளவு சுலபமான கேள்வி. பதிலும் வாசல் வரைக்கும் வந்து நின்றது. மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"தூசி," என்றார்.

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். "சரி," என்றாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அவர் படியிறங்கினார். பாதிப் படியிலேயே தன்மேல் கோபம் வந்தது. ஆயுள் முழுக்கத் துணியைப் பழி சொன்ன நாக்கு, இப்போது தூசியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. தூசியும் ஒருவகையில் துணிதான். கீழே வந்து வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நர்ஸ்களுக்கான வெள்ளைத் துணிக் கட்டு பிரிக்காமல் கிடந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள். காஜாக்கா ஏதோ கேட்க வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் இஸ்திரி மேசைக்குப் போய்க் குனிந்தார். கோட்டை எடுத்து வெட்டும் மேசையில் விரித்தார். பிரித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் கத்தரிக்கோல் பக்கம் கை போனது. போடவில்லை. ஒரு சீட்டை எடுத்து, பென்சிலை எச்சில் தொட்டு, 1731 என்று எழுதினார். ஊசியால் கோட்டின் காலர் இருக்க வேண்டிய இடத்தில் குத்தினார். மாஸ்டரம்மாவின் மேசையில் இடது பக்கம் வைத்தார்.

"மேல போய், ஒரு ரிட்டர்ன் வந்திருக்குன்னு சொல்லிட்டு வா," என்றார் காஜாக்காவிடம்.

காஜாக்கா கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுந்து போனாள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, வந்த ரிட்டர்னை அன்றைக்கே பதியாமல் மாஸ்டரம்மா படுத்ததில்லை. அது மாஸ்டருக்கும் தெரியும், காஜாக்காவுக்கும் தெரியும்.

படியில் காலடி கேட்டது. மாஸ்டரம்மா வந்தாள். மேசையில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விரல்கள் பாஸ்வேர்டைத் தட்டின. எண்ணைப் போட்டாள். பக்கம் வந்தது.

"சொல்லுங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன காரணம்?"

மாஸ்டர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினார். காஜாக்கா துணியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு தைத்தாள். அவளை வெளியே போய் டீ வாங்கி வரச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை அவளும் இங்கேதான் இருந்தாள் என்பதும் கூடவே தோன்றியது.

"நாலாவது," என்றார்.

"நாலாவது என்னன்னு சொல்லுங்க. நானா எதையும் அமுக்கிடக் கூடாது பாருங்க."

"வெட்டினவர் தப்பு."

அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது. பதினோரு வருடம் காத்திருந்ததற்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை. மற்ற எண்களைப் போலவே இருந்தது.

"குறிப்பு ஏதாவது போடணுமா?"

"செவ்வாக்கிழமை உன்னைச் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு இதுல இடம் கெடையாது," என்றாள் மாஸ்டரம்மா. நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "அதை நேர்ல சொல்லுங்க."

காஜாக்காவின் ஊசி நின்றது. மாஸ்டருக்குக் காது சூடானது. தெருவில் ஏதோ வண்டி போகும் வரை காத்திருந்தார். அது போய்விட்டது. வேறு வண்டி எதுவும் வரவில்லை.

"உம்மேல தப்பு இல்ல," என்றார். "நீ அன்னிக்கே சொன்னே. நான்தான் கேக்கல. கெடுத்தது நான், பழி உனக்கு. அந்த நர்ஸம்மா வரும்போது அவங்ககிட்டயும் சொல்லிடறேன்."

மாஸ்டரம்மா கண்ணை ஒருதரம் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். கோட்டிலிருந்து சீட்டை உருவி, முறைப்படி குப்பைக் கூடையில் போட்டாள். கோட்டை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

பிறகு நர்ஸ்களின் பக்கங்களைத் திறந்தாள். மேசைக்கு அடியிலிருந்து லேசான காற்று அவள் காலில் பட்டது.

"முதல் ஆள்," என்றாள். "தோள் பதினாலே கால்."

மாஸ்டர் வெள்ளைத் துணிக் கட்டைப் பிரித்து விரித்தார். சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள்.